கேசட்டும் கடுதாசியும்

அன்புள்ள ஐயா,

மண்டபம் பக்கம் ஒரு நண்டு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். வேகவைத்த நண்டைப் பெண்கள் உடைத்துச் சதை எடுப்பார்கள். அது டப்பாவில் அடைத்து வெளிநாடு போகும். சதையில் ஓட்டுத்துண்டு கிடந்தது என்று புகார் வந்தால் பதில் எழுதுவது என் பொறுப்பு. ஏதாவது ஒரு மென்பொருளுக்குப் பணம் கட்டுவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். எழுதியதைத் திருத்தித் தரும் கிராமர்லியா, வீடியோவாகப் பதிந்து அனுப்பும் லூமா? நான் தமிழ் மீடியம். என் மெயிலைப் படித்து ஹெட் ஆபீசில் சிரித்தார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எழுதவே கை ஓடவில்லை. வீடியோ என்றால் முகத்தையும் பேச்சையும் சேர்த்துக் காட்ட வேண்டும், அதுவும் கூச்சம். லூமை வேறு கம்பெனி வாங்கிவிட்டதாம். நிலைக்குமா?

ந., உச்சிப்புளி

அன்புள்ள ந.,

நிலைக்குமா என்ற கவலையை விடுங்கள். 2023இல் அட்லாசியன் என்ற மென்பொருள் கம்பெனி 97.5 கோடி டாலருக்கு லூமை வாங்கியது. அவ்வளவு கொடுத்து வாங்கியதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒரு மாதமாக நான் வாப்பாவின் பழைய கடிதங்களைத் தேதி பார்த்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அதற்கு நடுவில் உங்கள் கடிதம் வந்தது. அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

முதலில் திட்டிவிடுகிறேன். வெள்ளைச் சதைக்குள் கிடக்கும் வெள்ளை ஓட்டுத்துண்டைக் கண்டுபிடிக்கும் கண் உங்களுக்கு இருக்கிறது. சிரித்தவர்களை அந்த மேசையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்தால் தெரியும். ‘ஹேஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘ஹேவ்’ வந்தது என்று அவர்கள் சிரித்தார்கள், சரி. நீங்களும் அவர்கள் பக்கம் போய் நின்றுகொண்டு உங்களை நீங்களே ஏளனமாகப் பார்ப்பது என்ன நியாயம் தங்கச்சி? கிராமர்லியை 2009இல் தொடங்கிய மூன்று பேரும் உக்ரைன்காரர்கள். இங்கிலீஷ் அவர்களுக்கும் படித்து வந்ததுதான்.

எங்கள் ஊர் கீழக்கரை. என் நன்னிக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. குர்ஆன் ஓதப் படித்தவள், அதனால் அரபு எழுத்து தெரியும். அந்த எழுத்திலேயே தமிழை எழுதுவாள். அரபுத் தமிழ் என்போம். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக, இருக்கிற எழுத்தில் புள்ளியைக் கூட்டிப் புது எழுத்துகளை முன்னோர்கள் உண்டாக்கி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) கீழக்கரையில் இருந்துகொண்டு மார்க்க நூல்கள் எழுதியது அந்த எழுத்தில்தான். அதே எழுத்தில் நன்னி, சபர், அதாவது வெளிநாடு, போன தன் மகனுக்கு, என் வாப்பாவுக்கு, வலமிருந்து இடமாக எழுதுவாள்: “கெணத்துத் தண்ணி உப்பாயிருச்சு. ஆடு ரெண்டு குட்டி போட்டுருக்கு. பெட்டைக்குட்டியை விக்க மாட்டேன்.” யாரிடமும் காட்டிச் சரியா என்று கேட்டதில்லை. மடித்து ஒட்டி என் கையில் கொடுப்பாள், நான் தபாலில் சேர்ப்பேன். வாப்பாவுக்கு எல்லாம் புரிந்தது.

வாப்பா துபாய்க்குப் போனது 1978இல். நாலு வருஷம் கழித்து, ஊருக்கு வந்த ஒருவர் கையில் டேப் ரெக்கார்டரும் இரண்டு கேசட்டும் கொடுத்தனுப்பினார். பேசி அனுப்பு என்று உம்மாவுக்குச் சொல்லி. உம்மா கதவைச் சாத்தினாள், சத்தம் விழும் என்று ஃபேனை நிறுத்தினாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பாயில் உட்கார்ந்தாள். யார் பார்க்கப்போகிறார்கள்? ஆனாலும் சரிசெய்தாள். சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் நான் சேர்த்து அமுக்கினேன். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. “நல்லா இருக்கீகளா” என்றாள். அதோடு சரி. சுற்றுகிற சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்வை கழுத்தில் இறங்கியது. தூங்கிக்கொண்டிருந்த என் தங்கச்சி எழுந்து அழுதாள், வெளியே ஆடு கத்தியது, மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் உம்மாவுக்குப் பேச்சு வந்தது. வீட்டுக் கடன், தங்கச்சிக்குப் பள்ளிக்கூடம், எவ்வளவு பணம் வேண்டும் என்பதெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லிமுடித்தாள். கேட்டுப் பார்த்துவிட்டு, முன்பாதியை அழித்துவிடலாம் என்றாள். எனக்கு அழிக்கத் தெரியாது என்று பொய் சொன்னேன். அப்படியே போனது.

வாப்பா எழுதிய பதில் இப்போது மேசை மேல் இருக்கிறது. நீலமும் சிவப்பும் கரை போட்ட ஏர்மெயில் உறை. ‘பாங்கு சத்தம் வரும் இடத்தைத் தினமும் இரவில் போட்டுக் கேட்கிறேன், அறையில் உள்ள மற்றவர்களும் கேட்கிறார்கள். ஆனால் எவ்வளவு பணம் என்று நீ சொன்னதைத் தேடி மூன்று தடவை ரீவைண்ட் செய்தேன். இனிமேல் கணக்கைக் கடுதாசியில் எழுது. கேசட்டில் சும்மா பேசு’ என்று இருக்கிறது. உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

பேட்ச் நம்பர், தேதி, எத்தனை டப்பா, எத்தனை டிகிரியில் இருந்தது, இதெல்லாம் எழுத்தில் போக வேண்டியவை. நாலு வரி. ஆறு மாதம் கழித்து இன்னொருவர் தேடினாலும் கிடைக்கும். அந்த நாலு வரியின் பிழைகளைப் பார்க்க கிராமர்லியின் இலவசப் பதிப்பு போதும். அது உங்கள் வரியை மாற்றச் சொன்னால் சொன்னபடியெல்லாம் தலையாட்டாதீர்கள். ‘லேசான ஓட்டுத்துண்டு’ என்று நீங்கள் எழுதியதை வழவழப்பாக்கி, துண்டே இல்லாதது போல் அது எழுதிவிடக் கூடாது.

பணம் கட்டுவதானால் லூமுக்குக் கட்டுங்கள். அதையும் அவசரப்பட வேண்டாம். இதை எழுதும்போது இலவசக் கணக்கில் ஒரு வீடியோ 5 நிமிடம், மொத்தம் 25 வீடியோ. உங்களுக்கு ஒரு வீடியோவுக்கு 2 நிமிடமே அதிகம். 25 தீர்ந்த பிறகு மேனேஜரிடம் கேளுங்கள். சதையை விரலால் தடவி ஓட்டைத் தேடுவதை எந்த இங்கிலீஷில் எழுதினாலும் அங்கே இருப்பவருக்கு விளங்காது. காட்டினால் விளங்கும். முகம் வரவே தேவையில்லை, போனின் பின்பக்கக் கேமராவைக் கைகளின் மேல் வையுங்கள். யார் கையை எடுக்கிறீர்களோ அந்த அக்காவிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், எங்கே போகிறது, யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள்.

வாப்பா பேசி அனுப்பிய கேசட் ஒன்று எங்களிடம் இருந்தது. ஒரே ஒன்று. கடற்காற்றில் டேப் பூஞ்சை பிடித்துவிட்டது. அவர் மௌத்தான பிறகு எடுத்துப் போட்டோம், சுற்றவில்லை. பென்சிலைச் செருகி மெதுவாகச் சுற்றினேன், அறுந்தது. கடிதங்கள் 61 இருக்கின்றன. வாப்பாவின் குரல் எப்படி இருக்கும் என்று என் மகன் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால் நீங்கள் எடுப்பதையெல்லாம் கம்பெனிக் கணக்கில் மட்டும் விட்டுவைக்காமல், அனுமதி கேட்டு ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

பேசும்போது இங்கிலீஷில் இரண்டு வரி போதும், முன்னாலேயே எழுதி வைத்துப் படியுங்கள். பின்னால் பெண்கள் பேசிக்கொள்வதும் நண்டு உடைபடுவதும் கேட்கத்தான் செய்யும். அதை அழிக்க வேண்டாம்.