ஓக்மாண்ட்டின் கடுமை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் பொது மைதானங்களில் கோல்ஃப் ஆடுவேன். 2025 ஜூனில், ஊரை ஒட்டிய ஓக்மாண்ட் கோல்ஃப் மன்றத்தில் நடந்த யு.எஸ். ஓபன் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் புல்லுக்குள் பந்தைத் தேடி அலைவதையும், மூன்றடி தூரத்திலிருந்து குழிக்குள் பந்தை உருட்டவே தடுமாறுவதையும் பார்த்து மனம் கசந்துவிட்டது. 2023-ல் மைதான வடிவமைப்பாளர் கில் ஹான்ஸைக் கொண்டு மைதானத்தைப் புதுப்பித்தார்களாம். பணத்தைக் கொட்டி ஒரு மைதானத்தை இன்னும் கொடுமையாக்குவதில் என்ன இருக்கிறது? உறுப்பினர்கள் அங்கே எப்படித்தான் ஆடுகிறார்கள்?

கே.

அன்புள்ள கே.,

உங்களைப் போலவே 1935 யு.எஸ். ஓபனிலும் ஒரு பார்வையாளர் அதே ஓக்மாண்ட்டில் கசந்துபோனார். எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்று பெயர். ஆட்டக்காரர் ஜீன் சாரசன் தட்டிய பந்து கிரீனை (கொடியும் குழியும் இருக்கும் வழுவழுப்பான புல்தரை) தாண்டி உருண்டு பங்கர் என்ற மணல் பள்ளத்துக்குள் விழுவதைப் பார்த்தவர், இவ்வளவு வேகம் அநியாயம் என்று நினைத்தார். அதை நிரூபிக்க மரத்தில் ஒரு சின்னக் கருவி செய்தார். இன்று உலகமெங்கும் கிரீனின் வேகத்தை அளக்கும் ஸ்டிம்ப்மீட்டர் அதிலிருந்து வந்ததுதான். அதிலிருந்து உருட்டிவிடும் பந்து சாதாரண மைதானத்தில் 9, 10 அடி உருண்டு நிற்கும். நீங்கள் பார்த்த வாரம் ஓக்மாண்ட்டில் 14 அடியைத் தாண்டியது.

ஆனால் வேகம் மட்டும் இருந்தால் பழகிவிடலாம். சரிவுதான் ஆளைச் சோதிப்பது. முதல் கிரீனையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கிரீன்கள் ஆடுபவரை நோக்கிச் சாய்ந்திருக்கும், பந்தைப் பிடித்து நிறுத்தும். இது பின்பக்கமாகச் சரிகிறது. கொடிக்குக் குறிவைத்து நேரே இறக்கினால் பந்து பின்னால் ஓடிவிடும். கிரீனுக்கு முன்னாலேயே, ஃபேர்வே என்ற வெட்டிய புல்வழியில் பந்தை விழவைத்து உருட்டி ஏற்ற வேண்டும். எங்கே விழவைப்பது, எவ்வளவு உருளும் என்று கணக்குப் போட்டுத்தான் ஆட முடியும். 1903-ல் ஹென்றி ஃபவுன்ஸ் அமைத்த நிலத்தின் குணம் அது, யாரும் பிறகு கொண்டுவந்து சேர்த்ததல்ல.

ஹான்ஸ் பெரும்பாலும் செய்தது மீட்பு வேலை. புல் வெட்டுபவர் ஓரத்தைத் தாண்டிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு முறையும் விரற்கடை உள்ளே தள்ளி வண்டியைத் திருப்புவார். பல பத்தாண்டுகளில் கிரீன் சுருங்கி, மூலைகளெல்லாம் ரஃப் என்ற உயரமான புல்லுக்குள் போய்விடும். அந்த மூலைகளைத்தான் ஹான்ஸ் திரும்ப எடுத்தார். கிரீன் பெரிதானால் ஆட்டம் சுலபம்தானே என்று தோன்றும். நடுவில் அடிப்பவருக்குச் சுலபம்தான். ஆனால் குழியை இப்போது பங்கரை ஒட்டிய மூலையில் வெட்டலாம். கிரீனில் பந்து விழுந்துவிட்டது என்று நிம்மதிப்பட்டவர், நாற்பது அடி தள்ளி இரண்டு மேடுகளுக்கு அப்பால் குழியைத் தேடிக்கொண்டிருப்பார். நல்ல புதுப்பித்தல் என்று நான் சொல்வது இதைத்தான். பத்திரமாக ஆடவும் வழி இருக்கிறது, துணிந்து ஆடவும் வழி இருக்கிறது, இரண்டுக்கும் விலை வேறு.

ரஃப் விஷயத்தில் முழுக்க உங்கள் கட்சி நான். ஐந்து அங்குலப் புல்லில் பந்து புதைந்தால் யோசிக்க ஒன்றுமே இல்லை. வெட்ஜ் மட்டையை எடுத்துப் பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தள்ள வேண்டியதுதான். பத்தடி விலகியவருக்கும் முப்பதடி விலகியவருக்கும் ஒரே தண்டனை. ஆயிரக்கணக்கில் மரங்களை வெட்டி அந்த நிலத்தின் மேடுபள்ளத்தை வெளியே கொண்டுவந்த மன்றம், புல்லால் அதை மூடுவது எனக்குப் பிடிக்கவில்லை. இதற்கு ஹான்ஸ் பொறுப்பில்லை. புல்லை நாளைக்கே குட்டையாக வெட்டிவிடலாம்.

உறுப்பினர்கள் முன் தள்ளிய டீயிலிருந்து (முதல் பந்தை அடிக்கும் இடம்) ஆடுகிறார்கள், தூரம் நிறையக் குறைந்துவிடும். கிரீனில் மட்டும் சலுகை கிடையாது. யு.எஸ். ஓபனுக்காகத்தான் எங்கள் கிரீன்களின் வேகத்தைக் குறைக்கிறோம் என்று அவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு.

இன்னொன்று. நீங்கள் பார்த்த போட்டியை வென்ற ஜே.ஜே. ஸ்பானின் கடைசி நாள் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டாவது குழியில் அவர் அடித்த அருமையான பந்து கொடிக்கம்பில் பட்டு, கிரீனை விட்டே வெகுதூரம் பின்னால் ஓடியது. முதல் ஆறு குழிகளில் ஐந்தில் போகி, அதாவது பாரை (குழிக்கு விதித்த அடிகளின் எண்ணிக்கை) விட ஒன்று கூடுதல். அப்படிப்பட்டவர், மழைக்கு ஆட்டம் நின்று தொடங்கிய பிறகு, 17-ஆவது குழியில் டீயிலிருந்தே கிரீனை எட்டி பர்டி (பாரைவிட ஒன்று குறைவு) எடுத்தார். 18-இல் 64 அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டி முடித்தார். மொத்தத்தில் பாருக்கு ஒன்று குறைவு, அந்த வாரம் பாருக்குக் கீழே முடித்த ஒரே ஆள். மைதானம் வெறும் கொடுமையாக இருந்திருந்தால் அந்த மீட்சிக்கு அங்கே இடமே இருந்திருக்காது.

2028-ல் பெண்களுக்கான யு.எஸ். ஓபன் ஓக்மாண்ட்டில்தான். உங்கள் ஊர், அவசியம் போங்கள். கூட்டத்தோடு நடக்காமல் காலையிலேயே முதல் கிரீனின் பின்பக்கம் இடம் பிடித்து, ஒரு மணி நேரம் பந்துகள் வந்து இறங்குவதை மட்டும் பாருங்கள். அதற்குப் பிறகும் கசந்தால் மறுபடி எழுதுங்கள்.