செபத்தில் வறட்சி, துறவறம் பற்றிய குழப்பம்: கத்தோலிக்கர் ஒருவர் யாரிடம் வழி கேட்பது?

கேள்வி இது: "27 வயது, வேலையில் இருக்கிறேன். சில மாதமாகச் செபத்தில் மனம் ஒட்டவே இல்லை. தியானத்துக்குப் போன இடத்தில் ஒருவர் தலையில் கைவைத்து, 'ஆண்டவர் உங்களைத் துறவறத்துக்கு அழைக்கிறார்' என்றார். வேலையை விட்டுவிடலாமா? யாரைக் கேட்பது?"

ராஜினாமா இப்போது வேண்டாம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மப் பயிற்சிகள்' நூலில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது: மனம் வறண்டு கிடக்கும்போது, முன்பு தெளிவாக இருந்த நேரத்தில் எடுத்த முடிவை மாற்றாதே. செபத்தைக் கொஞ்சம் கூட்டு, ஆன்ம சோதனையை (அன்றைய நாளைச் செபத்தோடு திரும்பிப் பார்ப்பதை) ஒழுங்காகச் செய், சிறு ஒறுத்தல் ஏதாவது எடு என்கிறார். வறட்சிக்கு அவர் சொல்லும் காரணம் மூன்று. நம்முடைய சோம்பல், ஆறுதல் கிடைக்காதபோதும் நிற்கிறோமா என்று பார்க்கும் சோதனை, ஆறுதல் நம் சம்பாத்தியம் இல்லை, கொடை என்று புரிய வைப்பது. இதில் உங்களுடையது எது என்று தனியாக உட்கார்ந்து பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அதற்குத்தான் ஆன்ம வழிகாட்டி.

பாவசங்கீர்த்தனத்தையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிறோம். குரு மட்டுமே கேட்க முடியும். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற கடமையை முத்திரை என்பார்கள்; அதை எந்தக் காரணத்துக்காகவும் உடைக்கக் கூடாது என்கிறது 1983 திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் பிரிவு. ஆன்ம வழிகாட்டுதலில் பேச்சு பாவத்தைப் பற்றியே இருக்க வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற அருட்சகோதரியோ பொதுநிலையினரோகூடச் செய்யலாம். ஆனால் அந்த முத்திரை இதற்கு இல்லை. அதனால் ரகசியம் காப்பாரா என்று முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். நல்ல வழிகாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கே தேடுவது? பங்குத்தந்தையிடம் ஆரம்பிக்கலாம், ஆனால் ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் மடக்காதீர்கள். அடுத்த பூசைக்குக் கிளைக் கிராமத்துக்கு வண்டியை எடுக்கிற அவசரத்தில் "செபம் பண்ணுப்பா, எல்லாம் சரியாகும்" என்பதற்கு மேல் கிடைக்காது. வார நாளில் போன் செய்து, "ஃபாதர், ஆன்ம வழிகாட்டுதலுக்காக மாதம் ஒருமுறை முக்கால் மணி நேரம் வேண்டும், நீங்களே செய்வீர்களா, இல்லை வேறு யாரையாவது சொல்வீர்களா?" என்று கேளுங்கள். அந்த இரண்டாவது பாதி முக்கியம். முடியாதவர் சங்கடமில்லாமல் இன்னொருவரைக் கைகாட்டலாம். இயேசு சபையினர் நடத்தும் தியான இல்லங்களிலும் கேட்கலாம். சொற்பொழிவுத் தியானம் வேண்டாம், தனிப்பட்ட வழிகாட்டுதலோடு கூடிய தியானம் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். இரண்டும் வேறு.

உங்களுக்கு நிர்வாகத்தில் மேலே இருப்பவரைத் தவிர்ப்பது நல்லது. பள்ளியில் வேலை பார்ப்பவர் அதே பள்ளித் தாளாளரிடம் மனம் திறந்து பேச முடியாது. குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்துக்கே திருச்சபை இந்த எல்லையை வைத்திருக்கிறது: குருப்பட்டத்துக்கு ஒருவரைச் சேர்ப்பதா அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது, அங்கே அவருக்கு ஆன்ம வழிகாட்டியாக இருக்கும் குருவின் கருத்தைக் கேட்கவே கூடாது.

போகும்போது "நான் என்ன செய்யட்டும்?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு போனால் முதல் சந்திப்பு வீண். செபத்தில் நடந்ததைக் கொண்டு போக வேண்டும். தினமும் இரவு பத்து, பதினைந்து நிமிடம் ஆன்ம சோதனை: நன்றி, ஒளி கேட்டல், நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். பிறகு குறிப்பேட்டில் இரண்டே வரி. "நன்றாக இல்லை" என்று எழுதினால் பயனில்லை. "பூசையில் எரிச்சல். மதியம் ஆஸ்பத்திரியில் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அமைதி, ராத்திரி வரை இருந்தது" என்பதுபோல் எழுதுங்கள். எது வந்து எவ்வளவு நேரம் தங்கியது என்பதில்தான் வழிகாட்டியின் கண் இருக்கும். நான்கு வாரக் குறிப்பு சேர்ந்தாலே பேச நிறைய இருக்கும்.

தியானத்தில் கேட்ட அந்த வார்த்தைக்கு வருவோம். வழிகாட்டுபவர் துறவறத்தின் பக்கமும் தள்ளக் கூடாது, இல்லறத்தின் பக்கமும் இழுக்கக் கூடாது, தராசு முள்போல் நடுவில் நிற்க வேண்டும் என்பது இஞ்ஞாசியார் வைத்த வரம்பு. ஒரே சந்திப்பில் "ஆண்டவர் சொல்கிறார்" என்று முடிவைக் கையில் கொடுப்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு விலகுங்கள். "இதை யாரிடமும் சொல்லாதே" என்பவர், காணிக்கையைக் குறிப்பிட்டுக் கேட்பவர், நேரங்கெட்ட நேரத்தில் தனியாக வரச் சொல்பவர் என்றால் விலகினால் மட்டும் போதாது. மறைமாவட்டத்துக்கோ அவருடைய சபைத் தலைவருக்கோ தெரிவிக்க வேண்டும். இறையழைத்தல் ஊக்குநரைப் பார்ப்பது தப்பில்லை, ஆனால் ஆள் சேர்ப்பது அவர் பணி. சில மாத வழிகாட்டுதலுக்குப் பிறகு போனால் போதும்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலுமே நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதைச் செப வறட்சி என்று மட்டும் எண்ணி இருந்துவிடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். வழிகாட்டுதலும் கூடவே தொடரட்டும்.

ஆறு மாதம் பார்த்தும் பேச்சு நகரவில்லை என்றால் ஆளை மாற்றலாம், அதில் துரோகம் எதுவும் இல்லை. ஃபாதருக்கு மாற்றல் வந்துவிட்டாலும் பதற வேண்டாம். புதியவரிடம் பழைய கதை முழுவதையும் ஒப்பிக்காமல், குறிப்பேட்டின் கடைசி இரண்டு மூன்று பக்கத்தைப் படித்துக் காட்டி அங்கிருந்தே தொடங்கலாம்.