பழைய பீப்பாயில் பீர்: பெயரைப் பார்க்காதீர்கள், மோந்து பாருங்கள்

பெங்களூரில் ஒரு ப்ரூபப்பில் (அங்கேயே காய்ச்சி விற்கும் பாரில்) பன்னிரண்டு வருடமாக பீர் காய்ச்சுகிறேன். கடைசி ஏழு வருடமாக, விஸ்கியும் ஒயினும் இருந்து காலியான ஓக் பீப்பாய்களில் பீரை முதிர வைக்கும் வேலையும் என்னுடையது. இந்தத் தொழிலில் இருக்கும் தமிழ் நண்பர்களும், தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களும் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (அல்சூர்): அண்ணா, யாரிடம் கேட்டாலும் போர்பன் பீப்பாய் என்றே சொல்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: முதல் காரணம் சட்டம். அமெரிக்காவில் ஒரு விஸ்கிக்குப் போர்பன் என்று பெயர் போட வேண்டுமானால், உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலனில்தான் அதை வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் மறுபடி போர்பனுக்கு ஆகாது. அதனால் நல்ல மரம், ஒரே ஒரு தடவை புழங்கியது, சந்தைக்கு வந்துகொண்டே இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர்களும் நம்மூர் சிங்கிள் மால்ட் டிஸ்டில்லரிகளும் அதைத்தான் வாங்குகிறார்கள். 1990-களில் சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ப்ரூவரி அதில் ஸ்டவுட் என்ற கருத்த பீரை ஊற்றிக் காட்டிய பிறகு ப்ரூவர்களும் வரிசையில் சேர்ந்தார்கள்.

அடுத்தது சுவை. அமெரிக்க வெள்ளை ஓக் சூடுபட்டால் வெனிலா வாசம் தரும். அந்த மரத்தில் அதிகம் உள்ள லாக்டோன் என்ற வாசப் பொருளால் லேசான தேங்காய் வாசமும் வரும். கரிக்கு அடியில் மரச் சர்க்கரை வெந்து கேரமல் ஆன செந்நிற அடுக்கு ஒன்று இருக்கும். அந்த மரத்துக்குள் சில லிட்டர் போர்பன் ஊறிக் கிடக்கும். ஸ்டவுட் அதையெல்லாம் வெளியே இழுத்துக்கொள்ளும். பீரின் ஆல்கஹாலே ஒன்றிரண்டு சதவீதம் கூடுவதுண்டு.

கேள்வி (ஒயிட்ஃபீல்ட்): புதிதாக ஒரு ப்ரூபப்பில் சேர்ந்திருக்கிறேன் சார். நான்கு பீப்பாய் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். நேரில் போய் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: போவதற்கு முன்பே ஒன்று கேளுங்கள் தம்பி: எந்தத் தேதியில் காலி செய்தீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நான் முதன்முதலில் வாங்கிய நான்கும் பெரிய பெயர் குத்திய பீப்பாய்கள். இப்போதுதான் காலியானது என்று விற்றவர் சத்தியம் செய்தார். லாரியிலிருந்து இறக்கும்போதே இரும்பு வளையங்கள் கையால் தள்ளினால் நகர்ந்தன. தண்ணீர் ஊற்றினோம். பலகை இடுக்குகளில் முத்து முத்தாகக் கசிய ஆரம்பித்தது, பத்து நிமிடத்தில் தரையெல்லாம் ஓடியது. இரண்டு நாள் ஊறியதும் மரம் உப்பிக் கசிவு நின்றது, உண்மைதான். ஆனால் காசு கொடுத்து வாங்கிய வாசமெல்லாம் அந்தத் தண்ணீரோடு வடிகாலில் போய்விட்டது. மிஞ்சியது வெறும் ஓக் பெட்டி. மாதக்கணக்கில் காயப் போட்ட பீப்பாய் அது என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, இப்போது நான் செய்வது இது. வளையங்களை அசைத்துப் பார்ப்பேன். பலகைகளில் வெடிப்பு, பூச்சித் துளை, கசிந்து காய்ந்த கறை இருக்கிறதா என்று சுற்றிப் பார்ப்பேன். அப்புறம் தக்கையை எடுப்பேன். உடனே முகத்தைக் கொண்டு போகாதீர்கள், உள்ளே தேங்கிய ஆவி மூக்கை எரிக்கும். அரை அடி தள்ளி நின்று கையால் விசிறி முகருங்கள். விஸ்கி, வெனிலா, ஈர மரம், கொஞ்சம் கரி என்று வந்தால் வாங்கலாம். வினிகர், நெயில் பாலிஷ், பூட்டிக் கிடந்த அறையின் பூசணம், இந்த மூன்றில் எது வந்தாலும் கழுவிச் சரிசெய்யலாம் என்று நினைக்காதீர்கள். அது மரத்துக்குள் இறங்கியிருக்கும். கடைசியாக டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். அடியில் ஒரு கை அளவு மது பளபளவென்று தேங்கியிருந்தால் அதைவிட நல்ல சகுனம் இல்லை. கரித்தூள் மிதந்தால் பயப்பட வேண்டாம். பீரை எடுக்கும்போது அடியில் தங்கிவிடும்.

தூக்க ஆள் வைத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் பீப்பாய் வெறுமனே ஐம்பது கிலோ இருக்கும்; நிரப்பிவிட்டால் கால் டன். அதனால் எங்கே வைக்கப் போகிறீர்களோ அங்கே வைத்துவிட்டு நிரப்புங்கள்.

கேள்வி (ஜெயநகர்): பீப்பாய் வந்துவிட்டது, பீர் தயாராக இன்னும் மூன்று வாரம் ஆகும். ஒயின்காரர்கள் செய்வதுபோல் உள்ளே கந்தகத் திரி கொளுத்தி வைக்கட்டுமா?

பதில்: விஸ்கி, ரம் பீப்பாயில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். உள்ளே இருப்பது ஆல்கஹால் ஆவி. நெருப்பு பட்டால் வெடிக்கும். தேவையும் இல்லை. போர்பன் பீப்பாய்க்குள் போகும்போதே 62.5 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம். அதில் ஊறிய மரத்தில் கிருமி அவ்வளவு எளிதில் வளராது. தக்கையை இறுக்கி அடித்து, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் படுக்க வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை உருட்டிவிடுங்கள். மூன்று வாரம் தாங்கும். அடுத்த முறை பீர் தயாரான பிறகு பீப்பாயை வரவழையுங்கள்.

கேள்வி (இந்திராநகர்): சவர் பீர் செய்யப் பார்க்கிறேன் அண்ணா. நந்தி மலைப் பக்கத்து ஒயினரிகளின் பீப்பாய் சரிப்படுமா?

பதில்: சவருக்கு, அதாவது பாக்டீரியா விட்டுப் புளிக்க வைக்கும் பீருக்கு, ஒயின் பீப்பாய்தான்மா சரி. ஒயினுக்கு மரத்தைக் கரியாகக் கருக்க மாட்டார்கள், நெருப்பில் நிதானமாக வாட்டுவார்கள். பெரும்பாலும் பிரெஞ்சு ஓக், 225 லிட்டர் அளவு. வெனிலா குறைவு, துவர்ப்பும் மசாலா வாசமும் அதிகம். மூன்று நான்கு அறுவடை பார்த்த பீப்பாயைக் கேட்டு வாங்குங்கள். ஒயினரிக்கு அதில் மரச்சுவை தீர்ந்திருக்கும், உங்களுக்கு அதுதான் வசதி. ஒன்றரை வருடம் கிடக்கப்போகிற பீரில் புதுமரத்தின் துவர்ப்பு ஏறினால் குடிக்க முடியாது.

சிவப்பு ஒயின் பீப்பாயின் உள்சுவரில் படிகம் படிந்திருக்கும். அது திராட்சையின் டார்டாரிக் அமிலம் உப்பாகப் படிந்தது; வெந்நீரில் கரையும். கந்தக நெடி இருந்தால் நன்றாகக் கழுவி ஆறவிட்டு நிரப்புங்கள், இல்லாவிட்டால் நீங்கள் விடும் பாக்டீரியாவுக்கு அது தொல்லை. தொழுவ வாசம் அடித்தால் ப்ரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட் குடியேறியிருக்கிறது. ஒயினரி அந்தப் பீப்பாயைத் தள்ளிவிடும். சவர் செய்கிறவருக்கு அது உதவியாகவே இருக்கலாம். வினிகர் வாசத்துக்கு மட்டும் இங்கேயும் மன்னிப்பு இல்லை.

மரம் மெதுவாக மூச்சு விடும், உள்ளே காற்று கொஞ்சம் போகும். பீரின் மேல் வெள்ளையாக ஓர் ஆடை படியும். ருசி பார்க்கத் தக்கையைத் திறந்து அதைக் கலைக்காதீர்கள். முகப்புப் பலகையில் சின்னத் துளை போட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி அடித்துவிடுங்கள். ஆணியை உருவினால் நூல் பிடித்ததுபோல் பீர் கிளாஸில் விழும். கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் ப்ரூவரியில் வின்னி சிலூர்ஸோ பிரபலமாக்கிய வழி இது.

கேள்வி (கே.ஆர். புரம்): பத்து, இருபது லிட்டர் குட்டிப் பீப்பாய்கள் விற்கிறார்களே, வீட்டில் முயற்சி செய்யலாமா?

பதில்: கர்நாடகாவில் 1965-ஆம் ஆண்டின் கலால் சட்டப்படி மது தயாரிக்க உரிமம் வேண்டும், ஆகவே வீட்டில் வேண்டாம். ப்ரூபப்பில் சோதனைக்கு என்றால் கணக்கு தெரிந்து செய்யுங்கள்: 200 லிட்டரோடு ஒப்பிட்டால் 20 லிட்டர் பீப்பாயில் ஒவ்வொரு லிட்டருக்கும் இரண்டு மடங்குக்கு மேல் மரம் படுகிறது. பீர் பக்குவப்படும் முன்பே மரம் ஏறிவிடும். வாரா வாரம் ருசி பார்க்க வேண்டும்.

கேள்வி (விவேக்நகர்): நம்ம ஆட்களுக்குப் பிராந்தி என்றால் பிரியம். பிராந்திப் பீப்பாய் கிடைக்குமா?

பதில்: நம் ஊரில் மலிவாக விற்கும் பிராந்தியில் பெரும்பகுதி மொலாசஸ் ஆல்கஹாலில் செய்வது, பீப்பாய் வாசனையே படாதது. திராட்சையிலிருந்து வடித்து ஓக்கில் வைத்த பிராந்தியின் பீப்பாய் கிடைத்தால் விடாதீர்கள். உலர்திராட்சை வாசத்தோடு, பார்லி வைன் என்ற கனமான பீருக்கு அப்படிப் பொருந்தும். ரம் பீப்பாயும் நல்லதுதான். அதில் நிறைய ஒரு காலத்தில் போர்பன் பீப்பாயாக இருந்தவை.

கேள்வி (ஃப்ரேசர் டவுன்): நம்ம ஊர் வெயிலில் எத்தனை மாதம் வைக்கலாம்?

பதில்: விஸ்கி ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 2 சதவீதம் போல ஆவியாகிறது, பெங்களூரில் 10 சதவீதத்துக்கும் மேல். டிஸ்டில்லரிக்கு அந்த வேகம் பலம், பீருக்கு ஆபத்து. ஏப்ரலில் மாடி ஷெட்டில் வைத்தால் ஈர அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். 12 முதல் 16 டிகிரி குளிர் அறை இல்லையென்றால் பீப்பாயே வாங்காதீர்கள். அறை இருந்தால், 9 சதவீதத்துக்கு மேலான ஸ்டவுட்டை நான்காவது வாரத்திலிருந்து ருசியுங்கள். எனக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதத்தில் சரியாக வருகிறது. நிரப்பும்போது கார்பன் டை ஆக்ஸைடால் காற்றை வெளியேற்றி, குழாயை அடிவரை விட்டு, சலசலக்காமல் நிரப்புங்கள்.

கேள்வி (சிவாஜிநகர்): ஒரே பீப்பாயை எத்தனை முறை பயன்படுத்தலாம் சார்?

பதில்: முதல் முறை மது பேசும். இரண்டாம் முறை மரம் பேசும். அதற்கு லேசான பீர், நல்ல ப்ரவுன் ஏல் மாதிரி, போதும். காலியான அன்றே அடுத்ததை நிரப்புங்கள். மூன்றாம் முறை நான் சவருக்கு விட்டுவிடுவேன். ஒருமுறை சவருக்குப் போன பீப்பாயைத் திரும்ப ஸ்டவுட்டுக்குக் கொண்டு வர வேண்டாம். சாக்பீஸால் முகப்பில் பெரிதாக எழுதிவைத்து, அதன் குழாயையும் வாஷரையும் தனி வாளியில் போட்டுவிடுங்கள்.