சி லைப்ரரியில் பிழை வந்தால் யாரிடம் சொல்வது? கேள்வி பதில்

போன வாரம் "சி மொழியில் லைப்ரரி எழுதுறவங்க, பயன்படுத்துறவங்க, பிழை கையாளுறதைப் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க" என்று சொல்லியிருந்தேன். இருபது வருஷமாக நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் போய் வந்து இதே வேலைதான் பார்க்கிறேன், அந்தத் தைரியம். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். லைப்ரரி என்றால் மற்றப் புரோகிராம்கள் கூப்பிட்டுப் பயன்படுத்துகிற ஃபங்ஷன்களின் தொகுப்பு. ஃபங்ஷன் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன். சொற்களுக்கு நடுவில் கீழ்க்கோடு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, காற்றாலை வேகக் கணக்குக்கு ஜிஎஸ்எல் லைப்ரரி வச்சு ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு மாசம் ஒழுங்கா ஓடிச்சு. ஒரு நாள் ராத்திரி இன்டக்ரேஷன்ல "உட்பிரிவு எண்ணிக்கை எல்லையைத் தொட்டது"ன்னு அர்த்தம் வர்ற ஒரு வரியைப் போட்டுட்டு மொத்த புரோகிராமும் செத்துப்போச்சு. காலையில வந்து பாத்தா ஆறு மணி நேர டேட்டா இல்ல. ஒரு கணக்கு தப்பினதுக்கு எதுக்கு எல்லாமே சாகணும்?

செத்தது தற்செயல் இல்லை தம்பி, அந்த லைப்ரரியின் இயல்பே அதுதான். ஜிஎஸ்எல்லில் (கணிதக் கணக்குகளுக்கான குனு சயின்டிஃபிக் லைப்ரரி) நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால், பிழை வந்ததும் காரணம், கோப்புப் பெயர், வரி எண் மூன்றையும் அச்சிட்டுவிட்டு, புரோகிராமை அங்கேயே கொல்லுகிற அபார்ட்டைக் கூப்பிடும். எழுதிப் பழகும்போது இது வரம்தான். டீபக்கரில் (பிழை தேடும் கருவி) ஓட்டினால் எந்த வரியில் விழுந்ததோ அங்கேயே நிற்கும். ராத்திரி ஆளில்லாமல் ஓடுகிற புரோகிராமுக்கு இதே குணம் ஆகாது.

மெயின் (புரோகிராம் ஓடத் தொடங்குகிற ஃபங்ஷன்) தொடக்கத்தில் 'ஜிஎஸ்எல் செட் எரர் ஹேண்ட்லர் ஆஃப்' என்று ஒரு வரி போட்டால் சாவது நின்றுவிடும். ஆனால் அந்த நிமிஷத்திலிருந்து ஒவ்வொரு ஃபங்ஷனும் திருப்பித் தருகிற எண்ணை நீங்கள்தான் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் சத்தம் போட்டுச் செத்த புரோகிராம் இனிமேல் சத்தமில்லாமல் தப்புக் கணக்குப் போடும். இரண்டில் எது மோசம் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

உங்களுக்கு வந்த பிழை இன்னும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. அது 'ஜிஎஸ்எல் ஈமேக்ஸ்இட்டர்'. கணக்கு போடவே முடியவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை, நீங்கள் கேட்ட துல்லியம் அனுமதித்த தடவைக்குள் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம். விடையும், அதில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்ற மதிப்பீடும் அப்போதும் உங்கள் கையில் இருக்கும். பிசகு சின்னதென்றால் விடையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு குறி போட்டுவிட்டு அடுத்த அளவுக்குப் போகலாம். பெசல் என்கிற கணிதச் சார்பு மாதிரி நேரடியாக விடை தருகிற ஃபங்ஷன்களில் பிழை எண்ணுக்கு இடமே கிடையாது, 'எண் அல்ல' என்கிற 'நான்' (NaN) மாதிரி ஒரு மதிப்புதான் வரும். அங்கெல்லாம் பெயரின் கடைசியில் 'ஈ' சேர்ந்த வடிவத்தைக் கூப்பிடுங்கள். அது நிலையைத் தனியாகவும் விடையைத் தனியாகவும் தரும்.

இன்னொன்று: அந்த எரர் ஹேண்ட்லர், அதாவது பிழை வந்ததும் ஓடுகிற ஃபங்ஷன், புரோகிராம் முழுக்க ஒன்றே ஒன்று. ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடுகிற திரெட்டுகளில் திரெட்டுக்குத் திரெட் மாற்றி விளையாட வேண்டாம். மெயினில் ஒரு தடவை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

நாகர்கோவில், பொறியியல் மாணவி: லேப்ல "தப்பு வந்தா பிரிண்ட் பண்ணி எக்ஸிட் பண்ணு"ன்னுதான் சொல்லித் தந்தாங்க. நான் லைப்ரரி எழுதும்போதும் அப்படித்தானே எழுதணும்?

லேப் புரோகிராமுக்கு அது சரி. லைப்ரரிக்கு ஆகாது.

குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர் ஒரு மரத்தில் பால் வரவில்லை என்றால் என்ன செய்வார்? சிரட்டையைக் கவிழ்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவார், மத்தியானம் தோட்டக்காரரிடம் சொல்வார். மரத்தை வெட்டுவதா, ஆறு மாசம் ஓய்வு விடுவதா என்பது தோட்டக்காரர் பாடு. லைப்ரரி பால்வெட்டுகிறவர் மக்ளே. எக்ஸிட் போடுவது தோட்டத்தையே வெட்டிச் சாய்ப்பது.

பிரிண்ட் பண்ணுவதும் நீங்கள் நினைக்கிற மாதிரி சாது இல்லை. திரைக்குப் போகிற பிழைச் செய்தி உண்மையில் கோப்பு எண் 2-க்குப் போகிறது. பின்னணியில் ஓடுகிற புரோகிராம்கள் சில சமயம் 0, 1, 2 (உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்தி) மூன்றையும் மூடிவிடும். அதற்குப் பிறகு திறக்கிற கோப்புக்கு, காலியாக இருக்கிற எண்களில் சின்னதுதான் கிடைக்கும். அப்படி ஒரு டேட்டாபேஸ் கோப்புக்கு 2 கிடைத்தது என்று வையுங்கள். லைப்ரரி "பிழை" என்று அச்சிடுகிற வரி நேராக டேட்டாபேஸுக்குள் போய் விழும். கற்பனை இல்லை, எஸ்கியூலைட் என்கிற டேட்டாபேஸ் லைப்ரரிக்காரர்களுக்கு இது நடந்திருக்கிறது. 2013-இல் வந்த 3.8.1 பதிப்பிலிருந்து அந்தச் சின்ன எண்களில் டேட்டாபேஸைத் திறக்க எஸ்கியூலைட் மறுத்துவிடுகிறது.

மார்த்தாண்டம்: வெற்றிக்கு 0 தரணுமா 1 தரணுமா? ரெண்டு விதமாவும் பாக்கேன்.

எதுவானாலும் சரி, லைப்ரரி முழுக்க ஒன்றாக இருக்கட்டும் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இதில் ஒரு கதை இருக்கிறது.

ஓப்பன்எஸ்எஸ்எல் என்கிற மறைகுறியீட்டு லைப்ரரியில் டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கிற ஃபங்ஷன் மூன்று விதமாகப் பதில் சொல்லும். சரியென்றால் 1, தப்பென்றால் 0, சரிபார்க்கவே முடியாமல் போனால் எதிர்ம எண். சியில் 0 தவிர எல்லாம் உண்மை என்பது தெரியும்தானே? கூப்பிடுகிற இடங்களில் "0 இல்லையா, அப்போ சரி" என்று எழுதிவிட்டார்கள். டிஎஸ்ஏ என்கிற கையொப்ப முறையின் சாவி இருக்கிற சான்றிதழில் வேண்டுமென்றே உருக்குலைந்த கையொப்பத்தை வைத்தால் −1 வரும், −1 உண்மை, கதவு திறந்துவிடும். 2009 ஜனவரியில் 0.9.8ஜே பதிப்பில்தான் திருத்தினார்கள். இதில் நான் தலையில் அடித்துக்கொள்வது எங்கே என்றால், தப்பாகக் கூப்பிட்டது வெளியாட்கள் மட்டும் இல்லை, அந்த லைப்ரரிக்குள்ளேயே அப்படி எழுதியிருந்தார்கள். எழுதினவர்களுக்கே நினைவில் நிற்காத வழக்கம் மற்றவர்களுக்கு எப்படி நிற்கும்?

என் பழக்கம் இது: 0 வெற்றி, மற்றதெல்லாம் பெயர் வைத்த பிழை எண்கள். ஆமாம்/இல்லை என்கிற விடை வேண்டுமென்றால் அதைப் பாயிண்டர் (நினைவக முகவரி) வழியாகத் தனியாக வெளியே தருவேன். வேலை நடந்ததா என்பது ஒரு கேள்வி, விடை என்ன என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே எண்ணில் திணிக்கிறதில்லை.

தக்கலை: எல்லாம் நல்லா நடந்த பிறகும் எர்நோவைப் பாத்தா என்னமோ பிழை எண் இருக்கு.

இருக்கும். எர்நோ என்பது கடைசியாக வந்த பிழையின் எண் கிடக்கிற இடம், சியின் எந்த நிலையான லைப்ரரி ஃபங்ஷனும் அதை 0 ஆக்காது. ஃபங்ஷன் தோற்றது என்று தெரிந்த பிறகுதான் அதைப் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் சம்பந்தமே இல்லாமல் "தட்டச்சு எந்திரம் இல்லை" என்று ஒரு பிழை வரும். அச்சிடுகிற ஃபங்ஷன் 'எதிரே இருப்பது டெர்மினலா' என்று உள்ளுக்குள் கேட்டுப் பார்த்து, இல்லை என்றதும் எர்நோ அப்படி மாறிவிடும், பழைய பிழை போய்விடும். அதனால் தோற்றவுடன் முதல் வேலை எர்நோவை வேறு மாறியில் எடுத்து வைப்பது, அதன் பிறகு லாக் எழுதுவது. ஸ்ட்ர்டோல் (எழுத்துகளை எண்ணாக்குகிற ஃபங்ஷன்) மாதிரி சிலது தனி: கூப்பிடும் முன் எர்நோவை நீங்களே 0 ஆக்குங்கள், இல்லாவிட்டால் பெரிய எண்ணா, எல்லை மீறலா என்று பிரிக்க முடியாது.

குளச்சல்: அண்ணனோட விசைப்படகுல ஜிபிஎஸ் இடத்தை மெமரி கார்டுல எழுதுற சின்னப் பெட்டி செஞ்சேன். எஃப்பிரிண்ட்எஃப் ஒவ்வொண்ணையும் சோதிச்சாச்சு, ஒரு பிழையும் இல்ல. கரைக்கு வந்து பாத்தா கோப்பு வெறும் பூஜ்யம்.

கோப்பில் எழுதச் சொல்கிற எஃப்பிரிண்ட்எஃப் எழுதுவது கார்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிற பஃபர் என்கிற தற்காலிக இடத்தில். அங்கே இடம் இருந்தால் அது சந்தோஷமாகத் தலையாட்டும். கார்டு நிறைந்தது, கார்டு ஆடிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் பஃபரைக் காலிசெய்கிற எஃப்ஃப்ளஷிலோ கோப்பை மூடுகிற எஃப்குளோஸிலோதான் தெரியவரும். எஃப்குளோஸின் பதிலை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், பந்தயம் கட்டுகிறேன். யாரும் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு நிமிஷமும் எஃப்ஃப்ளஷ், அதன் பிறகு எஃப்சிங்க், இரண்டின் பதிலையும் பாருங்கள். எஃப்ஃப்ளஷ் கெர்னல் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதி) வரைக்கும்தான் கொண்டு சேர்க்கும், கார்டுக்குத் தள்ளுவது எஃப்சிங்க். படகில் எஞ்சினை நிறுத்தினால் கரண்டும் போகுமே, அதற்கு இது ஒன்றுதான் வழி. எஃப்குளோஸ் தோற்றால் அதே கோப்பை இன்னொரு தடவை மூடப் பார்க்காதீர்கள். தோற்றாலும் அது மூடியாகிவிட்டது.

குலசேகரம்: லினக்ஸ்ல மாலாக் தோற்கவே தோற்காதுன்னு நண்பன் சொல்றான். நல் சோதனை வேணுமா?

வேணும். மாலாக் நினைவகம் கேட்கிற ஃபங்ஷன், கிடைக்காவிட்டால் 'நல்' (NULL) என்கிற வெற்றுப் பாயிண்டரைத் தரும். லினக்ஸ் கடனுக்கு நினைவகம் தருவது உண்மை, தொட்டால்தான் கணக்கு வரும், பற்றாமல் போனால் ஏதோ ஒரு புரோசஸைக் கொல்லும். ஆனால் வரம்பு போட்ட இடத்திலும், சின்ன போர்டுகளிலும் நல் வரத்தான் செய்யும். நீளத்தைக் கணக்கிடும்போது எதிர்மம் வந்து அது மாபெரும் எண்ணாக மாறினாலும் வரும். வாங்கிய நினைவகத்தின் அளவை மாற்றுகிற ரீஅலாக்கின் பதிலைப் பழைய பாயிண்டரிலேயே போடாதீர்கள். தோற்றால் பழையது தொலைந்துபோகும்.

கருங்கல்: சுத்தம் செய்ய கோட்டூ போட்டா ஆஃபீஸ்ல சிரிக்காங்க.

கோட்டூ என்றால் வேறு வரிக்கு நேரே தாவச் சொல்கிற கட்டளை. லினக்ஸ் கெர்னலின் கோடைத் திறந்து காட்டுங்கள், அதில் கோட்டூ இருக்கும். சியில் பாதியில் தோற்றால், திறந்ததை எல்லாம் தலைகீழ் வரிசையில் மூட அதைவிட நேரான வழி கிடையாது. 2014 பிப்ரவரியில் ஆப்பிளின் எஸ்எஸ்எல் கோடில் 'கோட்டூ ஃபெயில்' என்கிற வரி இரண்டு தடவை வந்து, இரண்டாவது எந்த நிபந்தனைக்கும் உட்படாமல் ஓடியது. அதைச் சொல்லித்தான் சிரிக்கிறார்களாக்கும். அங்கே பழி கோட்டூவுக்கு இல்லை. முந்தின படி வென்றதால் பிழை மாறியில் 0 இருந்தது, கடைசிச் சோதனை நடக்காமலே "வெற்றி" என்று வெளியே போனது. நிபந்தனைக்கு உட்பட்ட வரிகளுக்கு அடைப்புக்குறி போடுங்கள். "சரிபார்த்தாச்சு" என்பதற்குத் தனி மாறி வைத்து, கடைசிப் படியில் மட்டும் அதை உண்மையாக்குங்கள்.

கொட்டாரம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: மோளே, எனக்குப் புரோகிராம் தெரியாது, பேரன் செய்யுறதைப் பாக்கேன். இந்தப் பிழைச் செய்தியெல்லாம் தமிழ்ல வரப்படாதா?

வரலாம் சார், வரவும் வேண்டும். ஆனால் அதை லைப்ரரி செய்யக்கூடாது. லைப்ரரி எண்ணையும், எங்கே என்கிற விவரத்தையும் தரட்டும். எந்த மொழியில், எவ்வளவு சொல்ல வேண்டும் என்பது எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று அறிந்தவர் வேலை. ஸ்ட்ரெரர் (பிழை எண்ணை வாக்கியமாக்குகிற ஃபங்ஷன்) தருகிற வாக்கியத்தை அப்படியே திரையில் போடுவது சோம்பேறித்தனம். மேலே குளச்சல் தம்பி கேட்டார் பாருங்கள், அவர் பெட்டியின் திரையில் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வந்தால் அண்ணனுக்கு என்ன தெரியும்? "கார்டு நிறைஞ்சாச்சு, மாத்தணும்" என்று வந்தால் நடுக்கடலிலேயே மாற்றிவிடுவார். பேரன் எழுதுகிற வாக்கியத்தை நீங்கள் ஒரு தடவை வாசித்துத் திருத்திக் கொடுங்கள் சார்.