உதைத்தவனை உதறலாமா?

அன்புள்ள சார்,

அமெரிக்கக் கால்பந்தின் கிக்கர்களைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில், "வயதான கிக்கருக்குக் கொடுக்கிற காசு வீண் அல்ல" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் பதினோரு வருடமாக விஸ்கான்சினில் இருக்கிறேன். இந்த ஊரில் இருந்துகொண்டு கிரீன் பே பேக்கர்ஸ் பைத்தியம் பிடிக்காமல் தப்பிக்க முடியாது. பந்தை உதைத்துப் புள்ளி எடுக்கும் எங்கள் கிக்கர் மேசன் கிராஸ்பி 16 சீசன் ஆடினார். அணியின் வரலாற்றிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர். 2023இல் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் சும்மா விட்டுவிட்டார்கள். என் ஆபீஸ் நண்பர், "இது பிசினஸ், சாலரி கேப் இருக்கிற ஆட்டத்தில் விசுவாசம் பார்க்க முடியாது" என்கிறார். நன்றி என்று ஒன்று உண்டா, இல்லையா? நீங்கள் யார் பக்கம்?

ஆர்., மேடிசன்

*

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர் பிசினஸ் என்று சொல்வதை ஏற்கிறேன். சாலரி கேப் என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. 2024இல் ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்துச் செலவழிக்கலாம் என்று இந்த ஆட்டத்தின் லீகான என்.எஃப்.எல். வைத்த உச்சவரம்பு, அதாவது சாலரி கேப், 25 கோடியே 54 லட்சம் டாலர். அந்த ஆண்டு கிக்கர்களிலேயே பெரிய ஒப்பந்தம் கன்சாஸ் சிட்டியின் ஹாரிசன் பட்கருக்குக் கிடைத்தது. நான்கு வருடத்துக்கு 2 கோடியே 56 லட்சம், அதாவது வருடத்துக்கு 64 லட்சம் டாலர். உச்சவரம்பில் இரண்டரை சதவீதம். அன்றைக்கு இதற்கு மேல் யாருக்கும் இல்லை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் பெரிய குவார்ட்டர்பேக் ஒருவரின் வருடச் சம்பளம் 5 கோடி டாலரைத் தாண்டிவிட்ட காலம் இது. பந்தியில் அப்பளத்தை நிறுத்தி கல்யாணச் செலவைக் குறைத்தேன் என்று ஒருவர் சொன்னால் நாம் என்ன நினைப்போம்?

அப்புறம் ஏன் அனுப்புகிறார்கள்? கிக்கரின் தவறு எல்லோருக்கும் தெரிகிறது, அதனால்தான். இந்த ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: 53 பேர் கொண்ட அணியில் கிக்கர் மைதானத்துக்கு வருவது சில நொடிகளுக்கு. பந்து பின்னால் வந்து, ஒருவர் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்தி, இவர் உதைத்து முடிக்க ஒன்றே கால் நொடிக்குச் சற்று மேல் ஆகும். இரு கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி, அதுதான் ஃபீல்ட் கோல். முன்வரிசையில் ஒருவன் தடுப்பைக் கோட்டைவிட்டால் பயிற்சியாளருக்கு மட்டும்தான் தெரியும். உதை தவறினால் ஊருக்கே தெரியும். வேலையில்லாத கிக்கர்கள் எப்போதும் ஒரு டஜன் பேர் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோபம் வந்தால் ஆளை மாற்றுவது சுலபம். மாற்றிவிட்டு அதற்குச் சம்பளக் கணக்கு என்று பெயர் வைத்துவிடலாம்.

உங்கள் பரம எதிரிகளின் கதையையே எடுத்துக்கொள்வோம். ராபி கோல்டு சிகாகோ பேர்ஸுக்கு 2005 முதல் ஆடினார். கிராஸ்பி உங்களுக்கு எப்படியோ அப்படி, அந்த அணியின் வரலாற்றில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர். 2015 டிசம்பரில் அடுத்தடுத்து இரண்டு வாரம், ஆட்டத்தின் கடைசியில் முக்கியமான உதைகளைத் தவறவிட்டார். 2016 சீசன் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு அனுப்பிவிட்டார்கள். அவருக்கு 33 வயது. அவருக்குப் பதிலாக யாரையும் வளர்த்து வைத்திருக்கவில்லை. வேறோர் அணி கழற்றிவிட்ட ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

2017 டிசம்பரில் கோல்டு சான் ஃபிரான்சிஸ்கோ 49எர்ஸ் சட்டையோடு தன் பழைய மைதானமான சோல்ஜர் ஃபீல்டுக்கு வந்தார். ஐந்து ஃபீல்ட் கோல் அடித்தார். 15-14 என்று 49எர்ஸ் வென்றது. அந்தப் பதினைந்தும் அவர் காலில் இருந்து வந்தவை. பேர்ஸ் ரசிகர் ஒருவராவது அன்று மனசுக்குள் கைதட்டியிருப்பார் என்றே நம்புகிறேன்.

அப்பளத்தின் விலை அதன்பிறகுதான் தெரிந்தது. 2018இல் பேர்ஸ் நிர்வாகம் கோடி பார்க்கியை நான்கு வருடத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர் பேசி எடுத்தது. அதில் 90 லட்சம் உத்தரவாதம். நவம்பரில் ஒரே ஆட்டத்தில் நான்கு முறை கம்பத்தில் அடித்தார். வேண்டுமென்று முயன்றால்கூட முடியாத சாதனை. 2019 ஜனவரி 6 அன்று ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிரான பிளே ஆஃப் ஆட்டத்தில் 43 யார்டு உதை. எதிரணிக்காரர் ஒருவரின் விரல் பட்டு, இடது கம்பத்தில் மோதி, கீழே குறுக்குக் கம்பியில் மோதி, வெளியே விழுந்தது. 16-15 என்று தோல்வி. மார்ச்சில் பார்க்கியையும் அனுப்பினார்கள். உத்தரவாதப் பணம் மட்டும் கணக்கில் தங்கிவிட்டது. அந்தக் கோடையில் ஏழெட்டுப் பேரை வரவழைத்து, அதே 43 யார்டில் இருந்து உதைக்கச் சொல்லிப் பரீட்சை வைத்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இதெல்லாம் நடந்த 2018 சீசனில் கோல்டு 34 முயற்சியில் 33ஐப் போட்டார். ஓய்வு பெறும்வரை பிளே ஆஃபில் அவர் ஒரு ஃபீல்ட் கோலையும் தவறவிட்டதே இல்லை, 29க்கு 29. அதில் ஒன்று 2022 ஜனவரியில் உங்கள் லாம்போ மைதானத்தில், பனிக்கு நடுவே, உங்களை வீட்டுக்கு அனுப்பிய உதை. மன்னியுங்கள்.

இதைச் சொன்னதும் நான் விசுவாசத்தின் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஆடம் வினட்டேரியை விட்டதைத் தவறு என்று நான் சொல்லவே மாட்டேன். லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் இரண்டைக் கடைசி நொடிகளில் ஜெயித்துக் கொடுத்த கால் அது. 2006இல், 33 வயதில், அவர் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸுக்குப் போனார். பேட்ரியட்ஸின் ஊரான பாஸ்டனில் பலருக்கு அழுகை. ஆனால் அந்த வருடமே, அணிகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கும் டிராஃப்டின் நான்காம் சுற்றில் ஸ்டீபன் கோஸ்ட்கௌஸ்கியை எடுத்தார்கள். கிக்கருக்கு நான்காம் சுற்று என்பது பெரிய விலை. அவர் 14 சீசன் ஆடி, வினட்டேரி பேட்ரியட்ஸுக்காக எடுத்த புள்ளிகளையே தாண்டிவிட்டார். வினட்டேரிக்கும் நஷ்டமில்லை. காற்றும் பனியும் இல்லாத கூரை மைதானம் அவருடைய காலுக்குக் கூடுதல் ஆயுள் கொடுத்தது. போன முதல் வருடமே இன்னொரு சூப்பர் பவுல். கதவைத் திறந்துவிட்டவர்களுக்கு உள்ளே வரப்போவது யார் என்று தெரிந்திருந்தது. சிகாகோவுக்கு அது தெரியவில்லை. எனக்கு இந்த இரண்டு கதைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, உங்கள் கிராஸ்பிக்கு வருகிறேன். நன்றி மறக்கலாமா என்று கேட்டீர்கள். நம் பெரியவர்கள் அதோடு நிறுத்தவில்லையே, கெட்டதை அன்றைக்கே மறந்துவிடு என்றும் சொன்னார்கள். பேக்கர்ஸ் பின்பற்றியது இந்த இரண்டாவது பாதியை. 2012இல் கிராஸ்பி 33 முயற்சியில் 21தான் போட்டார். எந்த அணியும் துரத்தியிருக்கும். இவர்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைக் குறைத்து, நன்றாக ஆடினால் திரும்பப் பெறலாம் என்று பேசி, பயிற்சி முகாமில் ஒரு போட்டியாளரையும் எதிரே நிறுத்தினார்கள். அடுத்த வருடம் 37க்கு 33. 2018 அக்டோபரில் டெட்ராய்ட்டில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஃபீல்ட் கோலும், டச் டவுனுக்குப் பிறகு ஒரு புள்ளிக்காக உதைக்கிற எக்ஸ்ட்ரா பாயின்ட் ஒன்றும் தவறிப்போயின. எட்டு நாள் கழித்து 49எர்ஸுக்கு எதிராக நான்கும் உள்ளே, கடைசி நொடியில் வெற்றி உதை உட்பட. இதை நான் நன்றிக்கடன் என்று சொல்ல மாட்டேன். ஆளைத் தெரிந்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

2023இல் அவருக்கு 38 வயது. 2020இல் 16க்கு 16 போட்டவர் அடுத்த வருடம் 34க்கு 25. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் கிக் ஆஃப் உதையில் பந்து முன்போல் தூரம் போவதில்லை. விட்டது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. ஆறாம் சுற்றில் ஆண்டர்ஸ் கார்ல்சனை எடுத்ததும் நியாயம்தான், கிராஸ்பியும் 2007இல் ஆறாம் சுற்றில் வந்தவர்தான். ஆனால் கார்ல்சன் அந்த சீசனில் ஐந்து எக்ஸ்ட்ரா பாயின்ட்டைத் தவறவிட்டபோதும், பதினாறு வருடம் பழகிய ஒருவருக்குக் காட்டிய பொறுமையைப் பழகாத பையனுக்கும் அப்படியே காட்டினார்கள். 2024 ஜனவரியில் 49எர்ஸுக்கு எதிராக 21-17 என்று முன்னிலையில் இருக்கும்போது 41 யார்டு உதை தவறிப்போனது. ஆட்டம் 24-21 என்று முடிந்தது. அடுத்த சீசனில் இன்னொரு புதுமுகம் வந்து, அவரும் போய், கடைசியில் வந்தவர் 33 வயதுக்காரர். 21 முயற்சியில் 20 போட்டார். உங்கள் ஆபீஸ் நண்பரிடம் இந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

மறுபக்கமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. வினட்டேரியை கோல்ட்ஸ் 46 வயதுவரை வைத்திருந்தது. 2019இல் முழங்கால் வலியோடு ஆடினார். முதல் ஆட்டத்திலேயே இரண்டு ஃபீல்ட் கோல், ஒரு எக்ஸ்ட்ரா பாயின்ட் தவறிப்போய், கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். நவம்பரில் பிட்ஸ்பர்க்கில் கடைசி ஒன்றரை நிமிடத்துக்குள் 43 யார்டு உதையைத் தவறவிட்டார், 26-24. அந்த சீசனில் 28 எக்ஸ்ட்ரா பாயின்ட்டில் ஆறு தவறிப்போயின. அணி 7-9 என்று முடித்தது. அங்கே யாரும் பணத்தைக் காரணம் சொல்லவில்லை. "போதும் ஐயா" என்று அவரிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.