தட்டில் மிஞ்சியதை எடை போடுங்கள்

கேள்வி: கோடை விடுமுறையில் 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து நாள் முகாம் நடத்துகிறோம். இந்த முறை சுற்றுச்சூழல்தான் மையம். படக்காட்சி, ஓவியப் போட்டி, மரக்கன்று நடுதல், கழிவிலிருந்து கலைப்பொருள் என்று திட்டம் போட்டிருக்கிறோம். ஆனால் இதையெல்லாம் பள்ளியிலேயே பார்த்துச் சலித்த பிள்ளைகள். வேறு என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் படக்காட்சியைத் தூக்குங்கள். பனிக்கரடி, உருகும் பனிப்பாறை எல்லாம் உண்மைதான், ஆனால் பத்து வயதுப் பிள்ளை அதற்கு என்ன செய்துவிட முடியும்? உங்கள் முகாமுக்குள்ளேயே தண்ணீர் வருகிறது, சாப்பாடு வருகிறது, குப்பை வெளியே போகிறது. பாடம் நடத்த இது போதும்.

முதல் நாள் மதியம் எதுவும் சொல்லாமல் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு வாளி வையுங்கள். சாப்பிட்டிருக்கக்கூடியது, ஆனால் மிஞ்சிப்போனது ஒன்றில். தோல், கொட்டை மாதிரி எப்படியும் கழிவாகிறது இன்னொன்றில். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் முதல் வாளியைப் பிள்ளைகளே தராசில் மாட்டி எடையைப் பலகையில் எழுதட்டும். அவ்வளவுதான், பிரசங்கம் வேண்டாம். தினமும் எழுத எழுத, அந்த எண்ணைக் குறைக்கவேண்டும் என்ற எண்ணம் தானாக வரும், பரிமாறுகிறவரிடம் போய் "பாதி போதும், வேணும்னா மறுபடி வர்றேன்" என்று சொல்லத் தொடங்குவார்கள். ஒன்று மட்டும் கவனம், தனித்தனிப் பிள்ளையின் தட்டை எடை போடாதீர்கள். வயிறு சரியில்லாத பிள்ளை கூச்சத்தில் வலிந்து சாப்பிட்டுவைக்கும். மொத்த எடை மட்டும் போதும்.

எடை குறையாவிட்டால் இன்னும் நல்லது, ஏன் என்று அவர்களே துப்பறியட்டும். பதினொன்றரைக்கு நொறுக்குத்தீனி கொடுத்துவிட்டுப் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு போட்டால் யாருக்குப் பசிக்கும்? இதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துச் சொல்லி, நீங்களும் அடுத்த நாளே நேரத்தை மாற்றிவிட்டால், எந்த ஓவியப் போட்டியும் தராத ஒன்று அவர்களுக்குக் கிடைக்கும். அதன்பிறகு உலகக் கணக்கைச் சொல்லுங்கள். 2022-ல் உலகம் முழுக்க சுமார் 105 கோடி டன் உணவு வீணானதாகவும் அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்தே போனதாகவும் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கை சொல்கிறது. கையால் வாளியைத் தூக்கிப் பார்த்த பிள்ளைக்குத்தான் அந்த எண்ணின் கனம் புரியும்.

இரண்டாவது வாளி உரக்குழிக்கு. ஈரக்கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. நாற்றம் அடித்தால் ஈரம் கூடிவிட்டது, காற்றுப் போகவில்லை என்று அர்த்தம், சருகு சேர்த்துக் கிளறிவிடுங்கள். பத்து நாளில் உரம் ஆகாது, மாதக்கணக்கில் ஆகும், அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஆனால் குவியல் ஒரு மீட்டர் அளவுக்குப் பெரிதாக இருந்தால் சில நாளிலேயே உள்ளே 50 டிகிரி செல்சியசைத் தாண்டும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் தின்று செரிக்கிற சூடு அது. நீளமான வெப்பமானியைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள், வரிசை கட்டி நிற்பார்கள்.

அப்புறம் தண்ணீர். எங்கேயாவது ஒழுகும் குழாய் கட்டாயம் இருக்கும். அடியில் குவளையை வைத்து ஒரு மணி நேரம் பிடித்து, அளந்து, 24-ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு வந்துவிடும். நொடிக்கு ஒரு சொட்டு விழுகிற குழாயில் நாளைக்கு 20 லிட்டர் வரைகூடப் போகும். கணக்கைப் போட்ட கையோடு குழாய் வாசரை மாற்றுவதையும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

கழிவிலிருந்து கலைப்பொருள் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. அதற்கென்று புதுப் பாட்டில் வாங்கி, மினுக்குத் தூளும் பசையும் தடவி, பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும் ஒன்றாக ஒட்டிவிட்டால், தனித்தனியாக மறுசுழற்சிக்குப் போயிருக்கவேண்டியதும் போகாது. அதற்குப் பதிலாகப் பொத்தான் தைக்க, கிழிந்த புத்தகத்தை ஒட்ட, கழன்ற பொம்மைச் சக்கரத்தை மாட்டச் சொல்லிக்கொடுங்கள். மரக்கன்றும் அப்படித்தான். உச்சி வெயிலில் நட்டுவிட்டுப் பத்தாம் நாள் எல்லோரும் போய்விட்டால் பதினோராம் நாள் யார் தண்ணீர் ஊற்றுவார்? பொறுப்பேற்க ஆள் இருந்தால் நடுங்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே நிற்கிற மரத்தின் நிழலிலும் வெட்டவெளியிலும் வெப்பத்தை அளந்து பார்க்கட்டும்.

கேள்வி: இப்படி ஒரு முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து என் 9 வயது மகன் ராத்திரியில் "உலகம் அழிஞ்சிடுமாம்மா?" என்று கேட்டு அழுகிறான். என்ன சொல்வது?

பதில்: "ஒண்ணுமில்ல, தூங்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள் அம்மா, பொய் என்று அவனுக்கே தெரியும். என்ன கேட்டான், எதைப் பார்த்தான் என்று முதலில் அவனைப் பேசவிடுங்கள். பிறகு ஓசோன் கதையைச் சொல்லலாம். வானத்தில் ஓசோன் படலம் மெலிந்துபோனதை 1980-களில் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள், குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் இருந்த வாயுக்கள்தான் காரணம் என்று தெரிந்தது, 1987-ல் மாண்ட்ரியால் ஒப்பந்தம் போட்டு நாடுகள் அவற்றைப் படிப்படியாக நிறுத்தின. இப்போது படலம் மெல்ல மீண்டுவருகிறது, அண்டார்டிகா மேலே 2066 வாக்கில் 1980-ல் இருந்த நிலைக்குத் திரும்பும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பெரியவர்கள் ஒரு தவறைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்ட கதை என்பதால் குழந்தைகளுக்கு இது பிடிக்கும். கூடவே ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை ஒன்றை அவனிடம் ஒப்படையுங்கள், பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பதுகூடப் போதும். தூக்கம் தொடர்ந்து கெட்டால் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி: முகாமில் எல்லோருக்கும் 'பூமியைக் காப்போம்' என்று அச்சடித்த டி-ஷர்ட், பை, தண்ணீர் பாட்டில் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். வீட்டில் இருக்கிற பாட்டிலையே கொண்டுவரட்டும், மாறிப்போகாமல் இருக்கக் கழுத்தில் ஒரு துணித்துண்டைக் கட்டிப் பெயர் எழுதினால் போதும்.