கேஸில் வெட்டிய முகம்

அன்புள்ள அண்ணா,

கொருக்குப்பேட்டையில் வீட்டு முன்னறையில் பழைய நாலரை அடி லேத் (கடைசல் மெஷின்) ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார். எம்.எஸ். (சாதா மைல்டு ஸ்டீல்) நிறையக் கடைந்திருக்கிறேன். போன வாரம் ஆர்பர் (கட்டர் மாட்டும் தண்டு) செய்யலாமென்று காயலான் கடையில் 40 மில்லி இஎன்24 (கலப்பு எஃகு) ராடு ஒரு அடி வாங்கிவந்தேன். வெட்டு முகத்தைச் சமப்படுத்த ஃபேஸிங் போட்டால் டூல் முனை கருகுகிறது. ஒரு நாளில் ஏழு தடவை சாணை பிடித்தேன். நிமிஷத்துக்கு 300 சுற்று, கட் 0.1 மில்லிதான். ராடின் நடுப்பகுதியில் கடைந்தால் வெட்டுகிறது, ஆனால் பிய்த்துப் போட்ட மாதிரி இருக்கிறது. "இதெல்லாம் வீட்டு லேத்துக்கு ஆகாது" என்கிறார் பக்கத்துப் பட்டறைக்காரர். நிஜமா?

அன்புள்ள தம்பி,

ஆகும். நடுவில் வெட்டுகிறது, முகத்தில் வெட்டவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கடைக்காரர் அந்த ராடை கேஸ் கட்டரில்தானே வெட்டிக் கொடுத்தார்?

வியாசர்பாடியில் நான் வேலை பழகிய பட்டறையிலும் இதே கூத்து நடந்தது. நான் மூன்று பிட்டை (வெட்டும் டூல்) தின்னக் கொடுத்துவிட்டு முழித்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரி திட்டவில்லை. ஜாப்பை (கடைகிற ராடை) கழற்றி, ஒரு பழைய அரத்தின் மூலையை வெட்டு முகத்தின் ஓரத்தில் வைத்து இழுத்தார். கண்ணாடிமேல் ஆணி போல வழுக்கிக்கொண்டு போனது, ஒரு கீறல் இல்லை. நாலு நூல் உள்ளே தள்ளி இழுத்தார். கரகரவென்று பிடித்து, அரத்தின் பல்லில் வெள்ளையாகத் துகள் ஒட்டியது. "இரும்பு ஒண்ணுதான்டா, தோல்தான் வேற" என்றார்.

இஎன்24-ல் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் மூன்றும் உண்டு. கார்பன் 0.4 சதவீதம் பக்கம். இந்தச் சேர்க்கை இருந்தால், இறுகுவதற்குத் தண்ணீரில் முக்கவே வேண்டாம். கேஸ் தீயில் ஓரம் செக்கச் சிவந்ததும், பின்னால் இருக்கும் குளிர்ந்த ராடு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், ஓரம் அப்படியே இறுகிவிடும். எம்.எஸ்.ஸில் கார்பன் குறைவு, அவ்வளவாக இறுகாது, அதனால் நமக்குத் தெரியவே தெரியாது. (இஎன் என்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்து பிரிட்டிஷ் பெயர். அவர்களே 817எம்40 என்று மாற்றிக்கொண்டுவிட்டார்கள். மண்ணடி இரும்புக் கடையில் அப்படிக் கேட்டுப் பாருங்கள், முறைப்பார்.)

எனவே அந்த முகத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். அரத்தால் தடவிக்கொண்டே வாருங்கள், எங்கே பிடிக்கிறதோ அதற்கும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஹேக்சாவால் அறுத்துவிடுங்கள். கை வலிக்கும்.

அடுத்தது அந்தப் பிய்ந்த பரப்பு. அது வேகத்தாலும் உங்கள் பயத்தாலும் வருவது. 40 மில்லி ராடின் சுற்றளவு 126 மில்லி. 300 சுற்றில் நிமிஷத்துக்கு 38 மீட்டர் ஆகிறது. எம்.எஸ்.ஸுக்கே 30 மீட்டர்தான் கணக்கு. பதம் வைத்த இஎன்24-க்கு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டில் 12 முதல் 15 மீட்டர் போதும். பேக் கியர் (வேகம் குறைக்கும் பல்சக்கரம்) போட்டு 100, 110 சுற்றுக்கு இறக்குங்கள். வேகத்தை மட்டும் குறைத்தால் போதாது. கட் 0.1 மில்லி கொடுத்தால் லேசாக மழுங்கிய முனைகூட வெட்டாமல் தேய்க்கத்தான் செய்யும். தேய்த்தால் சூடு, சூட்டில் முனை இன்னும் மழுங்கும். ஒரு மில்லி தைரியமாக இறக்கி, ஆட்டோ ஃபீடு (டூல் தானே நகர்வது) சுற்றுக்கு 0.1 மில்லியில் போட்டுவிட்டு, நடுவில் நிறுத்தாமல் விடுங்கள். மோட்டார் முனகினால் அரை மில்லியாக்குங்கள். பிரஷ்ஷில் கட்டிங் ஆயில் தொடர்ந்து தடவ வேண்டும். சுருள் வெள்ளையாகவோ வைக்கோல் நிறத்திலோ வந்தால் சரி. நீலம் தட்டினால் வேகம் ஜாஸ்தி. கார்பைடு டிப் என்றால் நீலச் சுருள் சகஜம், அதற்கு 500 சுற்றுக்கு மேல் வேண்டும். உங்கள் பழைய பேரிங்கை நினைத்தால் எனக்கு எச்.எஸ்.எஸ்.தான் சரியென்று படுகிறது.

இந்தச் சுருள் பொடியாமல் ரிப்பன் மாதிரி நீளமாக வரும். கையால் இழுக்காதீர்கள், கம்பிக் கொக்கி வைத்துக்கொள்ளுங்கள். வீடுதானே என்று லுங்கியோடு நிற்கிற ஆளாக இருந்தால், இன்றோடு விட்டுவிடுங்கள். சக் (ராடைக் கவ்விச் சுழற்றும் பிடி) தாடையில் லுங்கி முனை மாட்டி, மோட்டாரின் பெல்ட் வழுக்கியதால் தப்பித்தவன் சொல்கிறேன்.

அடுத்த முறை கடைக்காரரிடம் கேஸ் வைக்க வேண்டாம், பவர் ஹேக்சாவில் அறுத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். முணுமுணுப்பார், ஒரு டீ குடிக்கிற நேரம் நிற்க வைப்பார். நின்று வாங்கி வாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்